வாடகைக்குள் ஒளிந்த வட்டி: சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுக் கடன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறது அந்த வீடு. இரண்டு அறை, தகரக் கூரை போட்ட முன்வாசல், பின்பக்கம் முருங்கை. 1996-ல் 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. அன்றைக்கு மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த உச்ச விலையே அதுதான். வாங்கியவர் பால்மரம் வெட்டிய தொழிலாளி. சேம நிதியில் எடுத்த பணம் போக மீதிக்குப் பேங்கில் கடன் வாங்கி, 2011-க்குள் கட்டி முடித்துவிட்டார். 2019 ஜூலை தொடக்கத்தில் அந்த வீட்டின் மேல் ஒரு சென் கடன் இல்லை. ஒரே வருஷத்தில் வீடு வேறொருவர் பெயருக்கு மாறுவதற்கான மனு நில அலுவலகத்தில் கிடந்தது.

கோயில் மண்டபத்தில் நடக்கும் இலவசச் சட்ட உதவியில் மனு எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது. நான் வழக்கறிஞர் இல்லை. அந்தக் குடும்பம் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். பெயர், வீட்டு எண், தாமான் எதுவும் இதில் வராது. வட்டிக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் ஏழையின் வீட்டைக் காப்பாற்றுகிறதா, அல்லது அவனைச் சட்டமே எட்டாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறதா என்று எங்கள் மண்டபத்தில் அடிக்கடி வாக்குவாதம் வரும். இந்த ஒரு வீட்டின் கதையில் இரண்டும் நடந்தன.

தோட்டத்து ஆட்களுக்குச் சொந்த வீடு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஓய்வு பெற்ற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது கூண்டோடு வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தையே வாங்குவோம் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டது இந்தப் பயத்தை அறிந்துதான். அதனால் 25,000 வெள்ளி வீட்டின் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, இங்கே சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள்.

இனி கடன் வந்த வழி. 2019-ல் மகளுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே சமயம் தகப்பனாருக்கு இருதயக் கோளாறு. எல்லாம் சேர்த்து 30,000 வெள்ளி தேவைப்பட்டது. வீட்டின் சந்தை விலை அப்போது 90,000-ஐத் தொட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு பணத்துக்கு முழு வீட்டையும் ஈடாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். எந்தப் பேங்குக்கும் இதைவிடப் பத்திரமான கடன் இருக்க முடியாது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும்.

பேங்க் மறுத்தது. காரணங்கள் நியாயமானவை, அதுதான் சங்கடம். தாயார் தோட்டத்தில் பொது வேலை. 1,100 வெள்ளி, அந்த வருஷத்துக் குறைந்தபட்சச் சம்பளம். சேம நிதிக்கு 11 விழுக்காடும் சொக்ஸோ காப்புறுதிக்கும் பிடித்ததும் கையில் ஆயிரத்துக்குக் கீழே. தகப்பனாருக்கு வருமானம் இல்லை. மகன் லாரியில் உதவியாளர். மாதம் 1,800 வெள்ளி வருகிறது, ஆனால் ரொக்கம். சம்பளச் சீட்டு கிடையாது, சேம நிதிக் கணக்கு கிடையாது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பொறுப்பான கடன் வழங்கும் வழிகாட்டுதல் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது முதல், பிடித்தம் போகக் கையில் நிற்கும் வருமானத்தை வைத்தே கடன் தாங்கும் திறனைக் கணக்கிட வேண்டும், அதற்கு ஆதாரமும் வேண்டும். நாட்டின் குடும்பக் கடன் மொத்த உற்பத்தியில் 80 விழுக்காட்டைச் சுற்றி நின்ற காலத்தில் வந்த விதி அது. தகுதிக்கு மீறி வாங்கி மூழ்கிப்போனவர்களை நாமே பார்த்திருக்கிறோம். விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 30,000 வெள்ளியை ஐந்து விழுக்காட்டு வட்டியில் பத்து வருஷத்துக்குக் கொடுத்திருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 318 வெள்ளி. தாயாரின் சம்பளத்தை மட்டும் வைத்தால் அது மூன்றில் ஒரு பங்கு, எட்டாது. மகனின் ரொக்கத்தையும் சேர்த்தால் ஒன்பதில் ஒரு பங்குதான். பணம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது, அதை நிரூபிக்கும் காகிதம்தான் இல்லை. அந்தக் காகிதம் இல்லாததால் 318 வெள்ளி கட்ட முடியாது என்று முடிவு செய்யப்பட்ட குடும்பம், அடுத்த ஆறு மாதங்களுக்கு மாதம் 1,500 வெள்ளி கட்டியது.

இன்னொரு தடையும் இருந்தது. கிராண்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை: மாநில அரசின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் இந்த நிலத்தைப் பெயர் மாற்றவோ ஈடாகப் பதியவோ கூடாது. மலிவு விலை வீடுகள் பலவற்றுக்கு இப்படி ஒரு கட்டு உண்டு. சின்னக் கடனுக்காக அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்கப் பேங்குக்கு ஆர்வம் இல்லை. இந்த வரியை மறந்துவிட வேண்டாம்.

உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கலாம். 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டம் அவர்களுக்கானது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு உரிமம் கொடுக்கிறது. ஈடு வைத்த கடனுக்கு வருஷத்துக்கு 12 விழுக்காடு, ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடு, அதற்கு மேல் ஒரு சென் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் சட்டத்தில் உள்ள படிவத்திலேயே இருக்க வேண்டும், முத்திரை வரி கட்டிய பிரதியைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கடன் வாங்குபவர் கையில் தர வேண்டும். நல்ல விதிகள். 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு என்றால் வருஷத்துக்கு 3,600, மாதத்துக்கு 300. கடன் கொடுப்பவர் அந்த 3,600-க்குள் வழக்கறிஞர் செலவைப் பார்க்க வேண்டும், அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும், வசூலுக்கு அலைய வேண்டும், திரும்பி வராத கடன்களின் நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். நகரத்தில் கடைவீட்டை ஈடு வைத்து மூன்று லட்சம் கேட்பவருக்கு இது கட்டுப்படியாகும். தாமான் வீட்டை வைத்து முப்பதாயிரம் கேட்பவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை. வட்டிக்கு வரம்பு வைத்தால் வட்டி குறையும் என்பது பெரிய கடனில் நடக்கிறது. சின்னக் கடனில் கடனே காணாமல் போகிறது.

கடைவீட்டு மாடியில்

இவர்களை உட்காரச் சொன்னவர் ஓர் ஏஜெண்ட். தமிழர், கோயில் திருவிழாவில் பார்த்த முகம். "அக்கா, பேங்க் மாதிரி ஐ.சி., சம்பளச் சீட்டு எல்லாம் கேட்க மாட்டோம். கிராண்ட் இருந்தா போதும்" என்றிருக்கிறார். ஒரு சாயங்காலம் கடைவீடு ஒன்றின் மாடிக்குக் கூட்டிப் போனார். மேசையில் காகிதக் கட்டு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள். எழுத்தர் பக்கத்தின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பிடிக்க, தாயார் தமிழில் கையெழுத்துப் போட்டார், தகப்பனார் பெருவிரலை வைத்தார். வழக்கறிஞர் சாட்சிக் கையெழுத்து இருக்க வேண்டிய இடங்கள் பிற்பாடு நிரப்பப்பட்டன. அந்த மாடியில் வழக்கறிஞர் என்று யாரையும் இவர்கள் பார்க்கவில்லை.

"படிச்சுப் பார்க்கலையாம்மா?" என்று நான் பிறகு கேட்டேன்.

"எல்லாம் மலாய்ல, இங்கிலீஷ்ல இருந்துச்சு தம்பி. வேணாம்னு எழுந்து வந்தா, மறுநாள் காலேஜ்ல பணம் கட்டணுமே."

அந்தக் கட்டில் இருந்தவை: வீட்டை 60,000 வெள்ளிக்கு விற்றுப் பணம் முழுதும் பெற்றுக்கொண்டதாக ஒரு விற்பனை ஒப்பந்தம். தேதி போடாத 14ஏ படிவம், அதாவது பெயர் மாற்றப் பத்திரம். திரும்பப் பெற முடியாத பகர அதிகாரப் பத்திரம், அதாவது இவர்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்திடும் உரிமை. மாநில அரசின் அனுமதிக்கான மனு. அதே வீட்டில் மாதம் 1,500 வெள்ளி வாடகைக்கு இவர்களே குடியிருப்பதாக ஒரு வாடகை ஒப்பந்தம். ஒரு வருஷத்துக்குள் 45,000 வெள்ளி கொடுத்தால் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கடிதம். கடன் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கைக்கு வந்தது 30,000 அல்ல. மூன்று மாத வாடகை 4,500 முன்கூட்டியே பிடிக்கப்பட்டது, காகிதச் செலவு என்று 3,000. மீதி 22,500, ரொக்கமாக, செய்தித்தாளில் சுற்றி. ஒப்பந்தத்தில் உள்ளபடியே எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், ஒன்பது மாத வாடகை 13,500-ம் மீட்புத் தொகை 45,000-ம் சேர்த்து 58,500 வெள்ளி கட்டி வீட்டை மீட்டிருக்க வேண்டும், அதுவும் ஒரே வருஷத்துக்குள். சட்டம் அனுமதிக்கும் 12 விழுக்காட்டில் 22,500-க்கு ஒரு வருஷ வட்டி 2,700. கொடுத்தவருக்கு 58,500 வேண்டும் என்ற ஆசைகூட இல்லை என்பது என் கணிப்பு. அவர் கண் 90,000 வெள்ளி வீட்டின் மேல்.

இது புதிய தந்திரம் இல்லை. விற்பது போல் எழுதிக் கடன் கொடுப்பது, குறித்த காலத்தில் மீட்காவிட்டால் நிலம் போய்விடும் என்ற ஜுவால் ஜஞ்சி வழக்கம், மலாய்க் கிராமங்களில் பல தலைமுறையாக இருந்தது. அந்த வழக்கத்தில் ஊரும் உறவும் சாட்சிக்கு நின்றன. நம் ஆட்கள் மாட்டியதில் வழக்கத்தின் எலும்புக்கூடு மட்டும்தான் இருந்தது.

அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் தவறாமல் 1,500 கட்டினார்கள். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. லாரி நின்றது, மகன் வீட்டில் உட்கார்ந்தார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குப் பேங்க் கடன்களுக்குத் தவணை ஒத்திவைப்பு தானாகவே கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஆறு மாதமும் நிம்மதியாகத் தூங்கினார். இவர்களுடைய கடன் கடனே இல்லை, வாடகை. அதற்கு எந்த ஒத்திவைப்பும் இல்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு அனுமதி மனுவை நில அலுவலகத்தில் போட்டுவிட்டார்கள்.

ஒரு கடிதம்

இங்கேதான் அந்தச் சின்ன எழுத்து வரி வேலை செய்தது. கட்டுப்பாடு இருந்ததால் 14ஏ படிவத்தை நேரே பதிய முடியவில்லை, முதலில் அனுமதி வேண்டும். மனுவில் ஏதோ ஆவணம் குறைந்திருக்கிறது. பதிவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கு நில அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. தாமான் வீட்டுத் தபால் பெட்டியில் வந்து விழுந்த அந்தக் கடிதத்தை மகள் பிரித்துப் படித்தார். பெயர் மாற்ற அனுமதி கோரும் தங்கள் மனு தொடர்பாக, என்று தொடங்கியது. "நம்ம எப்பம்மா மனு போட்டோம்?" என்று தாயாரைக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் மண்டபத்துக்கு வந்தார்கள்.

உதவிக்கு வந்த வழக்கறிஞர் செய்த முதல் காரியம் நிலத்தின் மேல் தனியார் கேவியட் போட்டது. அது இருக்கும்வரை பெயர் மாற்றம் பதிவாகாது. பிறகு போலீஸ் புகார், பிறகு வழக்கு. விற்பனை ஒப்பந்தம் வெறும் வேஷம், உண்மையில் நடந்தது உரிமமில்லாத கடன் என்பது வாதம்.

ஆதாரம் தேடி வீட்டையே அலசினோம். கிடைத்தவற்றில் ஆகப் பெரியது ரசீதுப் புத்தகத்தின் ஆறு தாள்கள். ஒவ்வொன்றிலும் 1,500. நான்காவது தாளில் வட்டிக்கான மலாய்ச் சொல்லை எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே 'சேவா' என்று வாடகையை எழுதியிருந்தது. பழக்கதோஷம். அடித்த கோட்டின் கீழே அந்தச் சொல் தெளிவாகத் தெரிந்தது. அடுத்தது, வாங்கியதாகச் சொல்லப்பட்ட 60,000 எந்தப் பேங்க் கணக்கிலும் நுழையவில்லை. வீட்டை வாங்கியவர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. நில வரியையும் மதிப்பீட்டு வரியையும் அந்த வருஷமும் தகப்பனார்தான் கட்டியிருந்தார், ரசீதோடு.

சட்டம் இந்த இடத்தில் கைகொடுத்தது. உரிமமில்லாமல் வட்டிக்கு விட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிறைவேற்ற முடியாது. 2011 திருத்தத்துக்குப் பிறகு, வட்டிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடனைக் காட்டினால் போதும், அவர் வட்டித் தொழில் செய்பவர் என்றே அனுமானிக்கப்படும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. தண்டனையும் லேசானதல்ல: 250,000 முதல் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். எதிர்த்தரப்புக்கு இது புரிந்தது. விசாரணைக்கு முன்பே சமரசத்துக்கு வந்தார்கள். வாங்கிய 22,500-ல் கட்டிய 9,000 போக மீதி 13,500-ஐ மாதம் 750 வீதம் பதினெட்டு தவணையில் கொடுப்பது, வட்டி கிடையாது, காகிதங்கள் அனைத்தும் திரும்ப வரும்.

அந்த 13,500-ம் கொடுக்க வேண்டியதே இல்லை, எதிர்த்துப் போராடலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். தாயார் ஒப்பவில்லை. "வாங்கினோம்ல, கொடுத்துருவோம். வாசல்ல ஆள் வந்து நிக்காம இருந்தா போதும்." சட்டத்துக்குத் தெரியாத கணக்கு இது. நானும் அவர் பக்கம்தான் நின்றேன். முதல் சில தவணைகளுக்குப் பணம் வந்தது தாமான் பெண்கள் போடும் சீட்டிலிருந்து. 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டத்தின்படி இந்த நாட்டில் சீட்டு நடத்துவதும் குற்றம். ஏமாறாமல் இருக்கத்தான் அந்தச் சட்டமும் வந்தது.

இரண்டாவது வீடு

இந்த வழக்கை மட்டும் எழுதினால் சட்டம் ஜெயித்த கதையாகிவிடும். அதே காலத்தில், அதே மாதிரிக் காகிதக் கட்டோடு இன்னொரு குடும்பம் மண்டபத்துக்கு வந்தது. அவர்களுடையது நிரந்தர உரிமை கொண்ட நிலம், கட்டுப்பாடு எதுவும் இல்லை. 'நல்ல கிராண்ட்' என்று எல்லோரும் பொறாமைப்படும் வகை. அனுமதி தேவையில்லை, அதனால் மனுவும் இல்லை, கடிதமும் இல்லை. 14ஏ படிவம் நேரே பதிவாகிப் பெயர் மாறியது. சில மாதத்தில் வீடு ஒரு பள்ளி ஆசிரியைக்கு விற்கப்பட்டது. அவர் பேங்க் கடன் எடுத்துச் சந்தை விலை கொடுத்து வாங்கினார். பேங்கின் ஈடு கிராண்டில் ஏறியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் இவர்களுக்கு விஷயமே தெரியும்.

தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆவது பிரிவு இங்கே குறுக்கே நின்றது. மோசடியாலோ செல்லாத பத்திரத்தாலோ பெற்ற உரிமையை ரத்து செய்யலாம். ஆனால் அதற்கு அடுத்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரின் உரிமையைத் தொட முடியாது. 2000-ல் அடோர்னா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், கள்ளக் கையெழுத்துக்காரரிடமிருந்து நேரடியாக வாங்கியவருக்கே அந்தப் பாதுகாப்பைக் கொடுத்துப் பத்து வருஷம் நாட்டையே கலங்க வைத்தது. 2010 ஜனவரியில் தான் யிங் ஹோங் வழக்கில் அதைத் தவறென்று அதே நீதிமன்றம் திருத்தியது. திருத்தத்துக்குப் பிறகும் இரண்டாவது வாங்குபவருக்குக் காப்பு உண்டு. ஆசிரியை எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருடைய பேங்கும் செய்யவில்லை. ஏமாற்றியவர் மேல் பணத்துக்காக வழக்குப் போடலாம், ஆளைத் தேடிப் பிடித்தால். அந்தக் குடும்பம் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறது, இந்த முறை நிஜமான வாடகை.

ஆக, கடன் கொடுப்போர் சட்டம் எத்தனை கடுமையாக இருந்தாலும் அதன் பிடி முதல் கை மாறும் வரைதான். இரண்டாவது கைக்குப் போனதும் வீடு சுத்தமாகிவிடுகிறது. முறைகேட்டை அந்த வீட்டோடு சேர்த்தே பயணம் செய்ய வைக்கலாமே, வாங்குபவர், பேங்க் எல்லோரும் பொறுப்பேற்கட்டுமே என்று மண்டபத்து இளைஞர்கள் கேட்பார்கள். அதைச் செய்து பார்த்த ஓர் இடம் உண்டு.

அமெரிக்காவில் வீட்டுக் கடன் சுரண்டலுக்கு எதிரான கூட்டரசுச் சட்டம் 1994-ல் வந்தது. வட்டியும் கட்டணமும் மிக அதிகமான கடன்களை மட்டும் அது தொட்டது. மாநில அளவில் வட கரோலைனா 1999-ல் முதலில் இறங்கியது. அங்கே பிறகு செய்த ஆய்வில், குறைந்தவை பெரும்பாலும் மறு அடமானக் கடன்கள், அதிலும் கட்டணத்தைத் திணித்துத் திரும்பத் திரும்ப எழுத வைக்கும் வகை, புதிதாக வீடு வாங்கும் கடன்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று தெரிந்தது. வேறு சில ஆய்வாளர்கள், வருமானம் குறைந்தவர்களுக்குக் கிடைத்த கடனும் சேர்ந்தே குறைந்தது என்றார்கள். இந்தச் சண்டை முடியவில்லை. பல மாநிலங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது, சாதாரணமான சட்டம் சந்தையை அவ்வளவாக அசைக்கவில்லை, கடுமையான சட்டம்தான் அசைத்தது.

கடுமையானது ஜோர்ஜியா. 2002 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், முறைகேடான கடன் பத்திரத்தை யார் விலைக்கு வாங்கினாலும் பொறுப்பும் கூடவே போகும் என்றது. அங்கே கடன் கொடுத்தவர் அதை வைத்திருப்பதில்லை, நூற்றுக்கணக்கான கடன்களை மூட்டையாகக் கட்டி முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடுவார். பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட முடியாததால் 2003 ஜனவரியில் ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ் நிறுவனம் ஜோர்ஜியா கடன்கள் அடங்கிய மூட்டைகளுக்குத் தரமதிப்பீடு தர மறுத்தது. கடன் கொடுத்தவர்கள் மாநிலத்தை விட்டு விலகத் தொடங்கினார்கள். மார்ச் மாதமே சட்டம் தளர்த்தப்பட்டது. அன்றைக்கு அப்படி ஓடியவர்களின் கடன்கள்தான் சில வருஷத்தில் உலகத்தையே உலுக்கின என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் 2010-ல் டாட்-ஃபிராங்க் சட்டம் வந்து, கட்டும் திறனைச் சரிபார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்ற விதி 2014 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறையானது.

ஆகவே பொறுப்பைக் கைமாறக் கைமாற ஒட்ட வைப்பது நம் ஊருக்குச் சரிவராது என்பதே என் கருத்து. ஆசிரியைக்குக் கடன் கொடுத்த பேங்க், கிராண்டைப் பார்த்து அதை நம்ப முடிகிறது என்பதால்தான் கொடுத்தது. அந்த நம்பிக்கையை உடைத்தால் அடுத்த ஆசிரியைக்குக் கடன் கிடைக்காது. குறிப்பாகத் தாமான் வீட்டுக்கு, குறிப்பாகப் பழைய தோட்டத்து ஊர்களில்.

அனுமதி என்ற கதவு

முதல் வீட்டைக் காப்பாற்றியது கடன் சட்டம் என்பதைவிட, பெயர் மாறுவதற்கு முன்னால் ஓர் அதிகாரியின் மேசையைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதே. இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். முப்பதுகளில் ரப்பர் விலை சரிந்தபோது, கடனுக்கு ஈடாக இருந்த சிறுதோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. கடன் கொடுத்தவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கூட்டு மலாய் மாநிலங்களில் 1931-ல் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, ஈட்டு நிலத்தை ஏலம் விடுவதற்கு முன் அரசின் ஒப்புதல் வேண்டும் என்றானது. 1913-ல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் 1933-ல் இறுக்கப்பட்டு, மலாய்க்காரர் அல்லாதவரிடம் அந்த நிலத்தை ஈடு வைப்பதே தடையானது. நிலம் தப்பியது. கூடவே அந்த நிலத்தை நம்பிக் கடன் கொடுப்பவர்களும் குறைந்தார்கள், ஜுவால் ஜஞ்சி தொடர்ந்தது.

தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு மலிவு விலை வீட்டில் அதே இரண்டு விளைவும் சேர்ந்தே நடந்தது. அனுமதி வரி ஏமாற்றுக்காரரைத் தடுத்தது. அதே வரி, முதல் நாளே பேங்கையும் திருப்பி அனுப்பியிருந்தது. பேங்க் அன்றைக்கே கொடுத்திருந்தால் இந்தக் குடும்பம் அந்த மாடிப்படியை ஏறியே இருக்காது.

இதற்கு மாற்றாக இப்போது நடப்பவற்றையும் பார்க்கலாம். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்காக வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம், எஸ்.ஜே.கே.பி., இருக்கிறது. அரசு ஜாமின் நிற்கிறது, பேங்க் கொடுக்கிறது. லாரி உதவியாளர், கடை வைத்திருப்பவர், டாக்சி ஓட்டுநர் போன்றோருக்கு ஐந்து லட்சம் வெள்ளி வரை வழி இருக்கிறது. சுரண்டலுக்கு எதிரான தண்டனைகளைவிட இந்த மாதிரி ஜாமின் அதிகம் சாதிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது வீடு வாங்குவதற்கு. கடன் தீர்ந்த வீட்டை வைத்துப் பிள்ளையின் படிப்புக்கு முப்பதாயிரம் கேட்பவருக்கு அதில் இடமில்லை. தோட்டத்து ஊர்களில் ஏமாற்று நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது தேவையில்தான். வட கரோலைனாவிலும் சுரண்டல் மறு அடமானத்தில்தான் குவிந்திருந்தது.

2025 ஜூலையில் மக்களவை பயனீட்டாளர் கடன் சட்ட மசோதாவை ஏற்றுக்கொண்டது. அதுவரை யார் கண்காணிப்பிலும் இல்லாத கடன் தொழில்களை, பின்னர் கட்டும் திட்டங்கள், கடன் வசூல் நிறுவனங்கள் போன்றவற்றை, ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். வசூல்காரர்களுக்கு விதி வருவது நல்லது. ஆனால் மாடியில் கையெழுத்து வாங்கிய ஆள் எந்த ஆணையத்திடமும் உரிமம் கேட்டுப் போகப் போவதில்லை. காகிதத்தில் அவர் செய்வது வீடு வாங்கல் விற்றல்தான், கடன் அல்ல.

எனக்குத் தெரிந்து பலன் தரக்கூடியது நில அலுவலகத்திலேயே இருக்கிறது. முதல் வீட்டுக்குத் தற்செயலாக வந்த கடிதத்தை எல்லா வீட்டுக்கும் விதியாக்கலாம். கட்டுப்பாடு இருக்கிறதோ இல்லையோ, 14ஏ படிவம் பதிவுக்கு வந்ததும் பதிவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கு ஒரு கடிதம், கைபேசிக்கு ஒரு செய்தி, சில நாள் அவகாசம். ஆட்சேபம் இல்லையென்றால் பதிவு நடக்கட்டும். பதிந்த பிறகு இரண்டாவது வாங்குபவரின் உரிமை இப்போதுபோல் உறுதியாகவே இருக்கட்டும், பேங்க் பயப்பட ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம், பேங்க் ஈட்டுக்கு அனுமதி கேட்கும் மனுக்களைப் பெயர் மாற்ற மனுக்களோடு ஒரே வரிசையில் வைக்காமல் தனியாகப் பிரித்து வேகமாக முடித்துக் கொடுக்கலாம். ஈடு வைப்பதில் வீடு கைமாறுவதில்லை. கட்டாமல் போனாலும் 16டி அறிவிப்பு, விசாரணை, ஏலம் என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் மனுவாக எழுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். சொத்து விற்பனை தாமதமாகும் என்று எதிர்ப்பு வரும் என்றார்கள். எத்தனை நாள் தாமதம் என்று கேட்டோம், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

முதல் குடும்பம் கடைசித் தவணையைக் கட்டியதும் 14ஏ படிவமும் ஒப்பந்தங்களும் திரும்ப வந்தன, கேவியட்டும் எடுக்கப்பட்டது. இழுத்தடித்தது பகர அதிகாரப் பத்திரம்தான். அதன் பிரதி உயர் நீதிமன்றப் பதிவகத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால், காகிதத்தைக் கிழித்துப் போட்டால் முடிந்தது என்று விட முடியாது. ரத்துப் பத்திரம் எழுதி, பெற்றவரையும் ஒப்பமிட வைத்து, அதையும் பதிய வேண்டியிருந்தது. சமரசத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மறந்துபோகும் காகிதம் அது. பட்டியலில் அதை முதலில் எழுதுங்கள்.